பூமா வரவு பத்து பத்து

சட்டப் பையில இருந்தத நான் தேடிப் போய் எடுக்கல. அத முதல்லயே சொல்லிடறேன். துணி தோய்க்கறதுக்கு முன்ன பையைத் துழாவுறது எல்லாப் பொம்பளையும் செய்யறதுதான். எங்க ஊட்டுக்காரரு தணிகாசலம் எளாவூர் செக்போஸ்ட்டுல கிளார்க்கு. லாரி எங்கருந்து வருது, எங்க போவுது, இன்னா ஏத்திக்கினு போவுதுன்னு நாளெல்லாம் எழுதற வேல. அதனால அவரு பையில எப்பவும் துண்டுக் காயிதம் இருக்கும். அன்னிக்கி இருந்தது லாரி சமாச்சாரம் இல்ல.

“பூமா பத்து பத்துக்கு வந்துவிடும். ஹேமா பத்து இருபது. இரண்டும் எதிரெதிரே வந்துவிடக் கூடாது. பூமாவை ஓரமாக நிறுத்திவிட்டு ஹேமாவை விட வேண்டும்.”

நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ, தப்பாப் படிக்கறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. ‘வரும்’னுதான எழுதிகிறாரு, ‘வருவா’ன்னு எழுதலியேன்னு நீங்க கேக்கலாம். எங்க பக்கத்துல ஆம்பளைங்க மனசுக்குப் புடிச்ச பொம்பளைய அதுன்னுதான் சொல்லுவாங்க. இவரே என்னப் பத்திப் பேசறப்ப ‘அது ஊட்ல கீது, அது வந்துடும்’னுதான் சொல்லுவாரு. அந்த அது நான் ஒருத்திதான்னு எட்டு வருஷமா நெனச்சிக்கினு இருந்தேன்.

எனக்குக் கல்யாணம் ஆனது அறுபத்தி மூணுல. புள்ள இல்ல. மூணு தபா நாள் தள்ளிப் போயி மூணு தபாவும் கலஞ்சி போச்சி. அமாவாசைக்கு அமாவாசை திருவள்ளூர் போயி, கொளத்துல வெல்லம் கரச்சிட்டு வீரராகவரக் கும்பிட்டுட்டுத்தான் வந்தோம். எங்க மாமியா மணியம்மாள், நான் அடுப்பாண்ட இருக்கறப்பவே மவன் கிட்ட சொல்லுச்சி, “எங்க அண்ணன் ஊட்ல ஒரு பொண்ணு கீதுடா, யோசன பண்ணு” அப்டின்னு. இவரு வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. தட்டுல கைய கழுவிக்கினு எழுந்து போய்ட்டாரு. அந்தப் பேச்சில்லாத வாயி என்னப் படுத்தின பாடு கொஞ்சநஞ்சமில்ல.

அதுக்கப்புறம் பாக்கறதெல்லாம் வெவகாரமாத்தான் தெரிஞ்சிச்சி. ஞாயித்துக்கெழமையானா மொதல் வேலையா நாஷ்டா துன்னுட்டு, வாட்சுக்குச் சாவி குடுத்துக்கினு கும்மிடிப்பூண்டிக்கு பஸ் ஏறுவாரு. “அங்க இன்னா?”ன்னு கேட்டா, “ஒண்ணுமில்ல, சும்மா”ம்பாரு. ஒண்ணுமில்லாத ஊருக்கு வாரா வாரம் எவனாவது போவானா? அடுத்த வாரம் பையில இன்னொரு துண்டு: “பங்கஜவல்லிக்கு வியாழன் ஓய்வு.” மூணாவது ஒருத்தி. அதுவும் வியாழக்கெழம லீவு வுடற வேலைல இருக்கறவ. நர்ஸா, மில்லுல வேல செய்யறவளான்னு யோசிச்சே எனக்குச் சோறு எறங்கல.

அந்த ஞாயித்துக்கெழம நாலு பொடவைய ஒரு பையில திணிச்சிக்கினேன். கண்ணால பாத்துடறது, பாத்த கையோட ஊத்துக்கோட்டைல எங்க நைனா ஊட்டுக்குப் போயிடறது. திரும்பி வரக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். அவரு ஏறின பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ல ஏறினேன். நிமிஷக் கணக்கா எழுதி வச்சிக்கினு வர்றவ ரயில்லதான் வருவான்னு எறங்கினதும் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பிளாட்பாரத்துல, வேப்ப மரத்தடி பெஞ்சில ஒத்தையா உக்காந்திருந்தாரு. மடியில காயிதம், கண்ணு வாட்சு மேல. நான் மூட்டைங்க அடுக்கியிருந்த பக்கமா ஒதுங்கி நின்னேன். சரியா பத்து பத்துக்கு ஒரு வண்டி வந்துச்சி. பச்சப் பொடவ கட்டின ஒருத்தி எறங்கி அவரப் பாத்து நேரா நடந்தா. அவ அவரத் தாண்டி வாசலுக்குப் போய்ட்டா. இவரு தலயே தூக்கல, இன்னாவோ எழுதிக்கினு இருந்தாரு.

அதுக்கு மேல என்னால தாங்க முடியல. நேரா போயி நின்னேன். “பூமா எங்க?”

தூக்கிவாரிப் போட்டுச்சி அவருக்கு. “குப்பு, நீ எப்டி இங்க?”

“பூமா எங்க? ஹேமா எங்க? வியாழக்கெழம லீவு வுடறவ எங்க?”

அவரு மடியில மடிச்சி வச்சிருந்த காயிதத்தப் பிரிச்சாரு. ஆபீஸ்ல கழிச்ச பழைய ஃபாரம் காயிதங்களப் பசை போட்டு ஒட்டி வேட்டி அகலத்துக்கு இருந்துச்சி. முழுக்க ரயில் பாதை. மல, ஆறு, பாலம், துறைமுகம், நூறு ஸ்டேஷன். எல்லாமே நீல மையில. அவருக்குச் செவப்பும் பச்சையும் பிரிச்சித் தெரியாது. ரயில்வே வேலைக்குப் போயி அதனாலதான் தள்ளிட்டாங்க. அது எனக்குத் தெரியும்.

“இது எந்த ஊரு?”

“ஊரு இல்ல, நாடு. இல்லாத நாடு. லாரிக்காரனுங்க சொல்றத கேட்டுக் கேட்டு நானாப் போட்டேன். இங்க வந்து பாத்தாத்தான் வண்டி எத்தினி நிமிஷம் நிக்குது, எப்டி ஒதுங்குதுன்னு தெரியுது. பூமா ஒரு வண்டி, ஹேமா ஒரு வண்டி. ஒத்தத் தண்டவாளத்துல ரெண்டு வந்தா ஒண்ண ஓரமா நிறுத்தணும்ல.”

“வண்டிக்கு எவளோட பேர வச்ச? அத சொல்லு.” கோவத்துல நீன்னு வந்துடுச்சி.

காயிதத்தோட மடிப்ப உள்ளங்கையால நீவினாரு. “மொத தபா நாள் தள்ளிப் போச்சே, அறுபத்தஞ்சி ஐப்பசில. பொண்ணாத்தான் இருக்கும்னு தோணுச்சி. பூமான்னு வச்சேன். அப்புறம் ஹேமா. போன வருஷம் பங்கஜவல்லி. வச்ச பேர எங்க கொண்டு போயி வைக்கறது, நீயே சொல்லு. வியாழக்கெழமதான உன்ன ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு ஓடினோம். அன்னிக்கி மட்டும் அத ஓட்ட மனசு வரல.”

அதுன்னுதான் சொன்னாரு. கொழந்தையையும் அதுன்னுதான சொல்லுவோம், எனக்கு அது தோணவே இல்ல. அங்கயே பெஞ்சில உக்காந்து அழுதேன். பாக்கறவங்க பாக்கட்டும்னு அழுதேன்.

“உங்கம்மா சொன்ன அந்தப் பொண்ணு?”

“வேணாம்னு அம்மா கிட்ட மறுநாளே சொல்லிட்டேன். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

“வாயத் தொறந்து சொன்னாத்தான தெரியும்,” அப்டின்னு பொடவைப் பைய பெஞ்சுக்கு அடியில தள்ளினேன். “இத்தினி ஸ்டேஷன் போட்டியே, என் பேரு எங்க? எனக்கு செக்போஸ்ட்டுதான் வச்சிருப்ப.”

சிரிச்சிக்கினே நடுவுல வெரல வச்சாரு. குப்பம்மாள் ஜங்ஷன். நாடு முழுக்க ஒத்தத் தண்டவாளம், அங்க மட்டும் மூணு. “மூணும் ஒண்ணா நிக்கற எடம் இது ஒண்ணுதான்.”

“எத்தினி நேரம் நிக்கும்?”

“இருவது நிமிஷம்.”

“உனக்கு இன்னா தெரியும்? மூணு பேருக்கும் தல சீவிப் பின்னி, சோறு போட்டு அனுப்ப இருவது நிமிஷம் போதுமா? ஒரு மணி நேரமா மாத்து.”

நேரத்த மட்டும் பென்சில்ல எழுதியிருந்தாரு. ரப்பர எடுத்தாரு. “ஹேமா லேட்டாயிடும் குப்பு.”

“லேட்டா போவட்டும்,” அப்டின்னேன்.