பின்பக்கம் வேண்டாம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீசில் இருந்தவர்கள்: வருமான வரிக் கணக்கு போட்டுத் தரும் செந்தமிழ்ச்செல்வி மேடம், ஆபீஸ் அவருடையது. கம்ப்யூட்டரில் உட்காரும் தனுஷா. கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருந்த மாயவன். ஸ்கேனர் பக்கத்தில் நான், இளமாறன். காலண்டரைத் தவிர அந்த அறையில் காகிதம் என்று எதுவும் இல்லை.

மாயவன் வந்தது ஓடிபிக்காக. இணையதளத்தில் பதில் போட்டால் அவர் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைத் தட்டினால்தான் பதில் போய்ச் சேரும். அவர் ஊரில் சிக்னல் கிடையாது. அதனால் மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்து, பட்டன் போனை மேசைமேல் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் விவகாரம் சின்னதுதான். மலையில் மரவள்ளிக்கிழங்கு போடும் நாற்பது குடும்பத்துக்கு அவர்தான் லோடு ஏற்றிவிடுவார். ஜவ்வரிசி செய்யும் சேகோ மில் எல்லார் பணத்தையும் அவர் ஒருத்தர் பேங்க் கணக்கில் போட்டுவிடும். அவர் எடுத்துப்போய் வீடு வீடாகக் கொடுப்பார். அவருக்கு மிஞ்சுவது லோடுக்கு இவ்வளவு என்று ஒரு கூலி. வரி ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஒரு வருசத்தில் உன் கணக்கில் நாற்பத்தொரு லட்சம் ஏறியிருக்கிறது, இது யார் பணம், அத்தாட்சி காட்டு. காட்டாவிட்டால் மொத்தமும் அவர் வருமானம். வரியும் அபராதமும் கட்ட, இரண்டு ஏக்கர் நிலத்தையும் பழைய மினி லாரியையும் விற்றாலும் பாதி தேறாது. இரண்டு தடவை அவகாசம் வாங்கியாகிவிட்டது. இன்று சாயங்காலம் ஆறு மணி கடைசி.

அத்தாட்சி இருந்தது. மாயவனுக்குப் படிக்கத் தெரியாது. அவர் ஒரு வழி வைத்திருந்தார். மில்லில் தரும் எடைச்சீட்டைத் திருப்பி, மகளைவிட்டுக் கிழங்குக்காரர் பெயரையும் தொகையையும் எழுதவைத்து, பணம் கொடுக்கிற இடத்திலேயே அவர்களின் கைநாட்டை வாங்கிவிடுவார். தனியாக நோட்டு கிடையாது. இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டு. ஒரு ரப்பர் பேண்டு போட்டு மேடத்திடம் போன வருசமே கொடுத்துவைத்திருந்தார்.

மேடம் பைலைத் திறந்தார். மவுசை உருட்டினார். மறுபடி மேலே போனார்.

"மாறா, இதுல பின்பக்கம் எங்க?"

நான் எட்டிப் பார்த்தேன். எடை, தேதி, வண்டி நம்பர். அடுத்த பக்கத்திலும் எடை, தேதி, வண்டி நம்பர். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் அப்படித்தான். ஒரு பெயர் இல்லை. ஒரு ரேகை இல்லை.

"மாறா, உன்னத்தான் கேக்கறேன்."

"பின்பக்கம் எடுக்கல மேடம்."

யாருக்கும் சட்டென்று புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

சென்னையில் ராத்திரி ஷிப்டில் மூன்று வருசம் வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஷிப்டு நடுவில் எழுந்து பஸ் ஏறி வந்துவிட்டேன். அந்த அனுபவத்தைச் சொல்லித்தான் இங்கே சேர்ந்தேன். ஆபீசைக் காகிதம் இல்லாமல் ஆக்கித் தருகிறேன் என்றேன். பதினாறு வருசத்துக் கட்டுகள் கூரை வரை இருந்தன. கீழ்க்கட்டுகளில் கரையான் ஏறிக்கொண்டிருந்தது.

மேடத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. தாளை வீணாக்கமாட்டார். பிரிண்ட் எடுத்த தாளின் மறுபக்கம் காலியாக இருந்தால் அதிலேதான் அடுத்த ஆளின் கணக்கு அடிக்கப்படும். முதல் வாரம் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்தேன். வடக்கனந்தல் உரக்கடைக்காரர் கணக்குக்குப் பின்னால் யாரோ ஒருவரின் கரண்ட் பில் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் கணக்குக்குப் பின்னால் இன்னொருத்தர் கடன் விண்ணப்பம் வந்தது. தனுஷா நாள் முழுக்க உட்கார்ந்து குப்பைப் பக்கங்களை அழித்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, இந்த வேலைக்கு நான் மாடே மேய்ச்சிருப்பேன்" என்றாள். நான் ஸ்கேனரில் பின்பக்கம் வேண்டாம் என்று மாற்றிவைத்தேன். அதன்பிறகு வேலை பறந்தது. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள்.

அந்த ஸ்கேனரில் தாளைக் கவிழ்த்து வைக்கவேண்டும். முன்பக்கம் கீழே, பின்பக்கம் மேலே. அதாவது மாயவனின் சீட்டுகளை வைத்தபோது எனக்குத் தெரிந்தது பின்பக்கம்தான். ஊதா மையில் கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் உள்ளே இழுக்கப்பட்டன. பார்த்தேன். அந்த ஆபீசில் பின்பக்கம் என்றால் குப்பை. அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

"ஒரிஜினல்?" என்றார் மேடம். கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரியும். ஒரு வருசம் வைத்திருப்போம் என்று சொன்னவர் அவர். இடத்தை அடைக்கிறது, கரையான் சுவருக்கு ஏறும் என்று பின்னாலேயே நின்று அரித்தவன் நான். பதினெட்டு நாளுக்கு முன் கச்சிராயபாளையம் ரோட்டில் பழைய பேப்பர் எடுக்கும் கொளஞ்சியப்பன் மூன்று சக்கர வண்டியில் நாலு நடை அடித்து எடுத்துப் போனார்.

மாயவன் எங்கள் முகங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். "நம்பர் இன்னும் வரலியே" என்றார்.

மேடம் அவரிடம் சொன்னார். நீட்டாமல் சொன்னார். மாயவன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"மறுபடி கைநாட்டு வாங்கிக்கலாமா?" என்று தனுஷா கேட்டாள்.

"பாதி பேரு கேரளாவுல மொளகுத் தோட்டத்துல இருக்கறாங்க பாப்பா. சாயங்காலத்துக்குள்ள எங்க போயி வாங்கறது?"

நான் ஒன்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "மேடம், முன்பக்கம் இருக்கு. பிரிண்ட் எடுத்துப் பின்னால நாமளே... ஸ்டாம்ப் பேடு இருக்கு. யாரு ரேகையெல்லாம் பாக்கப் போறாங்க?"

"வாய மூடு."

மாயவன் என்னை முதல்தடவையாக நேராகப் பார்த்தார். "அதுல அமிர்தம்னு ஒருத்தி வெச்சிருக்கறா. தை மாசம் செத்துப்போனா. அவ கைக்கு நீ வெப்பியா?"

மேடம் எழுந்து பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து என் மேல் வீசினார். "நான் மூணாவது அவகாசம் கேட்டு எழுதிப் போடறேன், அதுக்கு நம்பர் வேணாம். குடுக்கமாட்டாங்க. நீ போயி அவர் காகிதத்த எடுத்துட்டு வா. எடுக்காம இந்தப் படி ஏறாத."

மாயவன் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தார்.

கொளஞ்சியப்பன் கடை என்பது தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. முன்னால் தராசு, உள்ளே இரும்பு, பாட்டில், அட்டை, பேப்பர். வாசலில் ஒரு இரும்பு ஷட்டர். வேறு வழி கிடையாது.

விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்தார். "பேப்பரே வேணாம், இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்தான்னு அன்னிக்கு இன்னா பேச்சு பேசின தம்பி! இப்ப பேப்பரு கேட்டுக்கினு வந்து நிக்கற?"

"இருக்குதா இல்லியா?"

"பாதி போன லோடுலயே போயிடுச்சு. மீதி அந்தக் கடைசி மூலையில கெடக்கு. நாலு மணிக்கு லாரி வருது. மில்லுக்குப் போனா கூழுதான்."

"அது வரைக்கும் தேடிக்கறோம்ணே."

"தேடு. கட்டப் பிரிச்சின்னா திருப்பிக் கட்டிக் குடுக்கணும்."

மூலையில் என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. எங்கள் ஆபீஸ் தாள் மட்டும் இல்லை, பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள், மருந்துக்கடை பில், பழைய தினசரி எல்லாம் கலந்துவிட்டிருந்தது. ஸ்கேன் செய்வதற்காக ரப்பர் பேண்டைக் கழற்றியதும் நான்தான். திருப்பிப் போடவில்லை. உள்ளங்கை அளவு சீட்டுகள் பெரிய தாள்களுக்கு நடுவே சிதறிக் கிடந்தன. தகரம் கொதித்தது. உட்கார்ந்து பிரித்துக்கொண்டே போனோம்.

முதல் சீட்டு பதினொன்றே காலுக்குக் கிடைத்தது. மாயவன் அதைத் திருப்பி ரேகையைப் பார்த்தார். "இது ராஜாம்பாள். வெரல்ல கத்தி பட்ட தழும்பு இருக்குது பாரு." மடித்த துண்டுக்குள் வைத்தார்.

பிறகு வேகம் பிடித்தது. ஒன்று, இரண்டு, சில சமயம் ஏழெட்டு சேர்ந்தாற்போல. ஒன்றே முக்காலுக்கு எழுபத்து மூன்று இருந்தது. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பாதி போன லோடில் போயிருந்தால் நூறு கிடைக்கும். நூறு சீட்டுப் பணத்துக்காவது அத்தாட்சி ஆகும். மீதி அவர் தலையில். அதைக் கட்டினாலும் நிலம் போகும். லாரி மட்டும் மிஞ்சலாம். இதை அவரிடம் சொல்லவில்லை.

தனுஷா போன் செய்தாள். "அண்ணா, அவகாசம் கேட்டுப் போட்டாச்சு. இன்னும் எந்தப் பதிலும் வரல. மேடம் சாப்புடல. கெடைச்சுதா?"

"எழுபத்து மூணு."

"இருநூத்துப் பன்னண்டுல?"

"தெரியும் தனுஷா, வை."

நான் கையை இன்னும் வேகமாக ஓட்டினேன். வேகம்தான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. தாளை எடுக்க, பார்க்க, இடது பக்கம் வீச. கை தானாக ஓடியது.

மாயவன் திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இரும்பு மாதிரி இருந்தது. நான் இடது பக்கம் வீசிய குவியலிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். தகரச் சூட்டில் மில் அச்செல்லாம் மங்கி வெறும் வெள்ளையாக இருந்தது. எடையும் இல்லை, தேதியும் இல்லை. வெற்றுத்தாள் என்று போட்டிருந்தேன்.

அவர் அதைத் திருப்பினார்.

ஊதா ரேகை. பக்கத்தில் அவர் மகளின் கோணல் எழுத்து. அமிர்தம்.

அவர் என் குவியலைத் தன் பக்கம் இழுத்தார். ஒவ்வொன்றாகத் திருப்பினார். இன்னும் நாலு கிடைத்தது. காலையிலிருந்து நான் வீசிய குவியல்கள் எத்தனை என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அவற்றின் மேல் வேறு தாள்கள் சரிந்துவிட்டிருந்தன. மூலை மொத்தத்தையும் முதலிலிருந்து பார்க்கவேண்டும்.

"அண்ணே, மங்கிப்போயிருந்துச்சு, அதான்..."

"சரி வுடு."

இரண்டு மணிக்குக் கொளஞ்சியப்பன் வந்து ஷட்டர் கம்பியைத் தட்டினார். "வெளிய வாங்கப்பா. வூட்டுக்குப் போயி சோறு துன்னுட்டு வரணும்."

"அண்ணே, நாங்க உள்ளயே இருக்கறோம். நீங்க போயிட்டு வாங்க."

"தொறந்து போட்டுட்டா? போன மாசம் செம்புக் கம்பி முப்பது கிலோ போச்சு. உள்ள இருக்கறதுன்னா இருங்க. வெளிய பூட்டிக்கினு போவேன். லாரி வரும்போதுதான் தொறப்பேன். தண்ணியும் இல்ல, ஃபேனும் இல்ல. செத்துகித்துப் போனீங்கன்னா என்னைக் கேக்கக் கூடாது."

"பூட்டுங்க" என்றார் மாயவன்.

நான் வாசலில் இருந்த குடத்தில் தண்ணீர் மொண்டு குடிக்க வந்திருந்தேன். சொம்பை வைத்துவிட்டு உள்ளே திரும்பினேன். மாயவன் ஷட்டருக்குக் கீழே குறுக்கே நின்றார். துண்டு மூட்டையை என் கையில் கொடுத்தார். எழுபத்தெட்டு சீட்டு. பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"இத அந்தம்மாகிட்ட குடு. நம்பர் வந்தா அவுங்களே பாத்துக்கட்டும். மீதிய நான் எடுத்துக்கினு வரேன்."

"ரெண்டு பேரா பாத்தா சீக்கிரம் முடியும்ணே. ரெண்டு மணி நேரந்தான் இருக்குது."

"நீ வேணாம்."

"அண்ணே..."

"நீ திருப்பிப் பாக்காத ஆளு. ஒனக்குப் பின்னால இன்னொரு தடவ நான் பாத்துக்கினு இருக்கணும். அதுக்கு நேரமில்ல."

அவர் குனிந்து உள்ளே போனார். தகர ஓட்டைகளின் வெளிச்சம் விழுந்த அந்த மூலையில் அவர் உட்காரும் சத்தமும், முதல் தாள் புரளும் சத்தமும் கேட்டன.

"ஒதுங்கு தம்பி" என்று சொல்லிக் கொளஞ்சியப்பன் ஷட்டரை இழுத்துத் தரையில் இறக்கினார், காலால் மிதித்துக் கொண்டியில் பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.