காப்புக் கட்டிய வீட்டில் நீர்நாய்

நீர்நாயின் பீயைத் தேடி ஒரு பொம்பளைப் பிள்ளை ஏழு வருஷமாய் ஆறு ஆறாக அலைகிறாள் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? டயகமவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நாகலெட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. "எம்மக படிக்கிறா, ஒங்களுக்கு எங்க நோவுது?" என்று கொழுந்து மலையிலேயே மல்லுக்கு நிற்பாள்.

மகள் ஜெயந்தினி படித்தது பாலூட்டிகளின் மரபணுவை. நீர்நாயைப் பிடிக்கவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம். அது பாறைமேல் விட்டுப்போன பீ கிடைத்தால் போதும், அதன் தாய்வழியைச் சொல்லிவிடுவாள். மலைக்கு அந்தப் பக்கம் பட்டிப்பொல ஓடைகளில் இருக்கிற நீர்நாய்களும், இந்தப் பக்கம் டயகம ஆற்றில் இருக்கிறவையும் ஒரே வழியா, வேறு வேறா? உச்சியைத் தாண்டி அதுகள் போய்வருகின்றனவா? இதுதான் அவளுடைய கேள்வி. பட்டிப்பொலப் பக்கம் பதினொன்று கிடைத்தன. சொந்த ஊரில் நாலு தடவை வந்து தேடியும் ஒன்றுகூட இல்லை. ஜூன் முடிவுக்குள் ஆய்வை ஒப்படைக்க வேண்டும், இனித் தவணை கிடையாது. டயகமப் பக்கம் ஒன்றாவது கிடைக்காவிட்டால் ஏழு வருஷமும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

கடைசித் தடவை வந்தபோது அம்மாவிடம் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே கையுறைகள், ஸ்பிரிட் ஊற்றிய ஆறு குழாய்கள். "கண்ணுல பட்டா கையுறை போட்டு எடுத்து, குழாய்க்குள்ள போட்டு மூடிருமா. வெறுங்கை மட்டும் படவே கூடாது."

"படாதுடி, படாது. நீ போயிட்டு வா."

மே மாதம் மாரியம்மன் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது. "பாப்பா, கெடச்சிருச்சி!" அவ்வளவுதான் சொன்னாள், லைன் அறுந்துவிட்டது. ஜெயந்தினி லேப்பில் லீவு சொல்லி, ரயிலில் ஹட்டன் வந்து, முதல் பஸ்ஸைப் பிடித்துத் தோட்டத்தில் இறங்கும்போது பால்குடம் போய்க்கொண்டிருந்தது. தப்பு மேளச் சத்தத்தில் மலையெல்லாம் அதிர்ந்தது. அந்த வருஷம் நாகலெட்சுமி, மகள் படிப்பு முடியணும் என்று வேண்டிக்கொண்டு பால்குடத்துக்குக் காப்புக் கட்டியிருந்தாள். மஞ்சள் சேலை வரிசையில் ஜெயந்தினி ஒவ்வொரு முகமாகத் தேடினாள். அம்மாவைக் காணோம்.

லயத்து வீட்டுக்கு ஓடினாள். நாகலெட்சுமி பழைய சேலையோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. இந்தா, மொதல்ல ஒன் சாமானப் புடி." அடுப்புக்கு மேலே விறகு காயப்போடும் பரணிலிருந்து எதையோ எடுத்து நீட்டினாள். காய்ந்து சுருண்ட வெற்றிலை. பிரித்தால் நண்டின் ஓடும் மீன் செதிலுமாக, அதேதான். சந்தேகமே இல்லை, நீர்நாய்.

ஜெயந்தினிக்கு உயிர் வந்த வேகத்திலேயே போனது. "குழாய் எங்கம்மா?"

நாகலெட்சுமி மூலையைக் காட்டினாள். ஆறு குழாய்களும் பளபளவென்று கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"தெறந்து பாத்தேன், சாராய வாடை. காப்புக் கட்டுன ஊட்டுக்குள்ள சாராயத்த வைக்கலாமா? தண்ணி போற கான்ல ஊத்திட்டேன்."

"அது சாராயமில்லம்மா, மருந்து! அய்யோ... கையுறையாவது போட்டியா?"

"மலையில நிக்கிறேன், மழ இருட்டிக்கிட்டு வருது. ஆத்துப் பாறையில கெடக்கு. ஊட்டுக்கு வந்து கையுறை எடுத்துட்டுப் போறதுக்குள்ள மழ கழுவிட்டுப் போயிரும். அப்புடியே அள்ளி வெத்தலையில சுத்தி மடியில வெச்சிக்கிட்டேன்."

"ஏழு வருஷம்மா! ஒண்ணே ஒண்ணு சொன்னேன், வெறுங்கை படக்கூடாதுன்னு. ஒன் கைபட்டு எல்லாம் நாசம்!"

தோட்டத்தையே வாயால் அடக்குகிற நாகலெட்சுமி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தாள். ஜெயந்தினிக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. வெற்றிலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

பக்கத்து வீட்டுக் காளியாயி அங்கேதான் நின்றிருந்தாள். "நல்லாத் திட்டு. ஒங்கம்மாவுக்கு வேணும். காப்புக் கட்டுன ஊட்டுக்குள்ள இந்த மீன் கவுச்சி ஏறலாமா? ஏத்திட்டா. அன்னிக்கே கோயிலுக்குப் போயி, தலைவர் செல்லசாமி அண்ணன் முன்னாடி காப்பக் கழட்டிட்டா. 'ஆத்தாளுக்கு அடுத்த வருஷமும் வருது, எம்மகளுக்கு ஜூன் மாசந்தான் இருக்கு'ன்னு சொல்லிட்டு வந்துட்டா."

ஜெயந்தினி நின்ற இடத்திலேயே நின்றாள். தப்புச் சத்தம் கோயிலை எட்டி ஓய்ந்தது. அம்மா அங்கே இருந்திருக்க வேண்டியவள். உள்ளே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க நினைத்தாள். அழுகைதான் வந்தது.

"அழுவாதடி. பிரயோசனப்படுமா படாதா, அதச் சொல்லு."

"பாக்குறேம்மா," என்றாள் ஜெயந்தினி.

மூன்று வாரம் கழித்துப் பேராசிரியர் யோகேஸ்வரன் கூப்பிட்டனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷன். ஆனால் லேப்பில் தூசு கண்டால் துர்வாசர். கணினித் திரையில் விரலை வைத்தார்.

"என்ன பிள்ளை இது? டயகம மாதிரிக்குள்ள மனுசரின்ர மரபணு கிடக்கு. லேப் ஆக்கள் எல்லாரின்ரையும் ஒப்பிட்டுப் பாத்தனான். அச்சொட்டா உம்மடைதான். ஏழு வருசம் படிச்ச நீர் கையுறை போடாமல் தொட்டனீரோ?"

"இல்ல சார். நான் கையுறை போட்டுத்தான்..." என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தித் திரையைப் பார்த்தாள். தாயிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே இறங்கும் தாய்வழி வரிசை. எழுத்துக்கு எழுத்து அவளுடையது.

"சார், அது நான் இல்ல. எங்கம்மா."

யோகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றினார். நடந்ததை எல்லாம் கேட்டார். பிறகு, "அம்மான்ர பங்கைப் பிரிச்சு விட்டாச்சு. மிச்சத்தைப் பாரும்," என்றார். "ஸ்பிரிட் இல்லாட்டிலும் அடுப்புச் சூட்டில காய்ஞ்சபடியாத்தான் தப்பினது. பட்டிப்பொல நீர்நாயளின்ர அதே தாய்வழி. அதுகள் மலை தாண்டுதுகள், பிள்ளை. இனி எழுதும்."

அன்று சாயந்தரம் ஜெயந்தினி அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மாவிடம் இருப்பது அப்படியே மகளிடம் இருக்கிறது, மெஷினாலேயே இரண்டு பேரையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று விளக்கினாள்.

"இதுக்கு எதுக்குடி மெஷினு? ஒன் கோவத்தப் பாத்தாலே தெரியலையா?" என்று சிரித்த நாகலெட்சுமி, குரல் தழைந்து கேட்டாள். "அப்ப என் கைபட்டு நாசமாப் போகலையே?"

"இல்லம்மா. ஒன் கைபடலன்னாதான் நாசமாப் போயிருக்கும்."

ஜூன் முடிவதற்கு நாலு நாள் முன்பே ஆய்வை ஒப்படைத்தாள். பட்டமும் வந்தது. அடுத்த வருஷத் திருவிழாவுக்குள் நாகலெட்சுமி முழங்கால் வீங்கி, கொழுந்துக்கே போகமுடியாமல் உட்கார்ந்துவிட்டாள். நேர்த்திக்கடன் பாக்கி நிற்கிறதே என்று ஒரே புலம்பல்.

"பால்குடத்த நான் எடுக்குறேம்மா," என்றாள் ஜெயந்தினி.

"நீயா? பீ பொறுக்குற கையி, ஒம்பது நாளு சுத்தபத்தமா இருந்துருவியாக்கும்! அதுவுமில்லாம, வேண்டுனது நான்டி. நீ எடுத்தா ஆத்தா கணக்குல சேருமா?"

"மெஷினே ஏமாந்துச்சி. ஆத்தா என்ன, நம்ம யோகேஸ்வரன் சாரா, திருப்பித் திருப்பிப் பாக்க?"

ஒன்பது நாளும் லேப்புக்கு லீவு. ஆற்றுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. பால்குடத்தன்று மஞ்சள் சேலை கட்டி வரிசையில் நின்றாள். நாகலெட்சுமி கம்பை ஊன்றிக்கொண்டு கூடவே வந்தாள். குடம் சரிகிறது, நேராகப் பிடி, பராக்குப் பார்க்காதே என்று வழியெல்லாம் அதட்டல். கோயில் வாசலில் தலைவர் செல்லசாமி அர்ச்சனைக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, டாக்டரம்மா! ஒங்க பேருல எழுதிரவா?"

தலையில் குடம் இருந்ததால் ஜெயந்தினியால் அம்மா பக்கம் திரும்ப முடியவில்லை.

"நாகலெட்சுமின்னு எழுதுங்க, மாமா," என்றாள்.