ஒட்டு வைத்த போல்ட்

ஜவுபர் சாக்கை லேத் மேசையில் கவிழ்த்தான். மூன்று பழைய இராணுவத் துவக்குகள். எதிலும் குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் இல்லை. போல்ட்டுகளைத் துணி முடிச்சிலிருந்து அவிழ்த்துத் தனியாகக் கொட்டினான். கடற்கரைக் காவல் குழுவின் தலைவன் அவன். துவக்கோடு யாரும் ஓடிவிடக்கூடாதென்று போல்ட்டுகளைக் கழற்றித் தன் வீட்டு அரிசிப் பெட்டிக்குள் வைத்திருந்தான்.

"எது எந்தத் துவக்குக்குரியது?" என்று கேட்டார் பட்டறைக்காரர் முகைதீன்பாவா.

"எல்லாம் ஒரே சாதிதானே."

"ஒவ்வொண்டும் அததுட துவக்கோட தேஞ்சது. மாத்திப் போட்டாப் பூட்டாது."

அவர் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தார். ஒன்று மட்டும் சரியாக உட்கார்ந்தது. மற்ற இரண்டு போல்ட்டிலும், குழலின் பின்வாயை இறுக்கிப் பிடிக்க வேண்டிய காதுகள் தேய்ந்து வழுக்கின.

"இந்த ரெண்டும் சரிவரா. பின்னால வெடிக்கும். சுடுறவன்ட முகத்துக்குத்தான் வரும்."

"ஒட்டு வெச்சி அராவுங்க."

"ஒட்டு நிக்காது."

"காரைதீவான் கொண்டு வந்தா நிக்கும்." லேத்தருகே வெறுமையாகக் கிடந்த முக்காலியை ஜவுபர் காலால் தள்ளினான். காரைதீவுத் தம்பிமுத்து இருந்து வேலை செய்த முக்காலி. தமிழ்-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு அவன் வரவில்லை. "கூட்டாளி கோவிப்பான் எண்டு பாக்கிறீங்களா காக்கா?"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நாளைக்கு அசறுத் தொழுகைக்குப் பிறகு கடக்கரைக்குக் கொண்டு வாங்க. ஒண்டு உங்கட மருமகன் ஸமட்டுக்குத்தான்."

வீட்டில் மகள் சுல்பிகா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"நீங்க செய்யாட்டி அவர் வெறுங்கையோட நிப்பார். அதுவா வேணும் வாப்பா?"

"செஞ்சாத்தான் பயம்."

"ஊரே உங்களத்தான் கதைக்குது."

அவர் தேய்ந்த காதுகளில் இரும்பை உருக்கி ஒட்டு வைத்தார். அராவினார். இரண்டும் சத்தமில்லாமல் பூட்டின. பார்த்தால் குறை தெரியவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

யானைக்கும் பன்றிக்கும் வயலில் வெடிக்கும் துவக்கானாலும், திருத்தியவன்தான் முதல் வெடி வைக்க வேண்டும். கன்னத்தில் அணைத்து வைக்க வேண்டும். அது ஊர் வழக்கம். மறுநாள் கடற்கரையில் நல்ல துவக்கை அப்படியே வெடித்தார். இரண்டாவதைத் தோணியின் விளிம்பில் வைத்துக் கட்டி, விசையில் கயிறு முடிந்தார்.

"உங்கட பொஞ்சாதியக் கூட்டி வாங்க காக்கா, கயிறு இழுக்க," என்றான் ஒருவன்.

இழுத்தார். வெடித்தது. துவக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. சிரிப்பு கூடியது.

போல்ட் திறக்க மறுத்தது. மரக்கட்டையால் தட்டித் திறந்தார். தோட்டாக் கோது பக்கவாட்டில் கிழிந்திருந்தது. அதை ஜவுபரிடம் நீட்டினார்.

"இன்னொரு வெடிக்குத் தாங்காது."

"வெடிச்சதுதானே."

"அப்ப மத்தத நீ வெடி. கன்னத்துல வெச்சி."

ஜவுபர் மூன்றாவதை எடுத்தான். தோட்டா போட்டான். கடலைக் குறிவைத்தான். கடைசியில் அவன் முகம் துவக்கிலிருந்து விலகியது. எல்லோரும் பார்த்தார்கள்.

துவக்கைத் தாழ்த்தினான். "தோட்டாவ ஏன் வீணாக்கிற?" தோட்டாவைக் கழற்றிவிட்டு ஸமட்டிடம் நீட்டினான். ஸமட் வாங்கிக்கொண்டான்.

முகைதீன்பாவா மருமகனிடம் போய் அந்த போல்ட்டை உருவிக் கடலில் எறிந்தார். தோணியில் கட்டியிருந்த துவக்கின் போல்ட்டையும் எறிந்தார்.

ஜவுபர் நல்ல துவக்கின் பிடியால் அவர் தோளில் அடித்தான். அவர் ஈரமணலில் விழுந்தார். யாரும் தூக்க வரவில்லை.

"இண்டைக்குக் காவல் உங்கட மருமகன்தான். அது மாறாது," என்று சொல்லி நல்ல துவக்கைத் தன் தோளில் போட்டுக்கொண்டு ஜவுபர் போனான். மற்றவர்களும் போனார்கள்.

"இப்ப நான் என்னத்த வெச்சி நிக்கிற மாமா?" என்று கேட்டான் ஸமட்.

"நிக்காத. ஊட்ட வா."

"வந்தா என்னையும் காரைதீவானுக்கு ஆள் எண்டுவாங்க."

போல்ட் இல்லாத இடத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அவன் காவல் கொட்டிலை நோக்கி நடந்தான்.