பத்து நிமிடக் கொதி

பயறு என்றால் பயறுதானே என்று எவராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வாரம் முழுக்க அதைத்தான் கேட்டேன்.

எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் நான் தலைமைச் சமையல்காரி. மதியம் நூற்றெண்பது பேர் சாப்பிடுவார்கள். அதில் ஒருத்தி என் தங்கை. பேக்கிங் பிரிவு, வாயும் வயிறுமாக இருக்கிறாள். மேனேஜருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது: மூன்று நாள், மூன்று தேசத்துச் சோறும் பயறும். அதற்கென்று ஓர் ஆலோசகரைக் கூட்டிவந்தார். பிளாஸ்டிக் உறை போட்ட செய்முறை அட்டைகளோடு வந்ததால் அவருக்கு அட்டைக்காரர் என்று பெயர் வைத்தேன்.

மூன்று அட்டையிலும் ஒரே முறைதான். ஊறவைத்த பயறைக் காலையில் மின்சாரச் சூட்டுப்பானையில் போடு, மூடு, மதியம் திற. அந்தப் பானை மெல்லச் சூடேறும், கொதிக்கவே கொதிக்காது. திங்கட்கிழமை மைசூர்ப் பருப்பும் கருக வறுத்த வெங்காயமும் போட்ட சோறு, செவ்வாய்க்கிழமை காராமணிச் சோறு. இரண்டும் கொதிக்காமலே வெந்து தப்பித்துவிட்டன. அட்டைக்காரருக்குக் கைதட்டல் வேறு.

புதன்கிழமை தேங்காய்ப்பாலில் சிவப்பு பீன்ஸ், அதாவது ராஜ்மா. இந்தக் கொட்டை பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அதிலிருக்கும் நஞ்சு போகாது; நாலைந்து தின்றாலே வாந்தி பேதிதான். அதை அன்றாடம் சமைக்கிற ஊர்க்காரிகள் அத்தனை பேருக்கும் இது தெரியும். அட்டைக்குத் தெரியவில்லை.

நான் பீன்ஸை அடுப்பில் ஏற்றினேன். தண்ணீர் முனகத் தொடங்கும்போதே அட்டைக்காரர் வந்து அடுப்பை அணைத்தார்.

"அட்டையில அப்படி இல்லையேம்மா."

"கொதிக்கலைன்னா விஷம் சார். பத்தே நிமிஷம்."

"பயறுதானே. நேத்தும் முந்தாநாளும் யாருக்கு என்ன ஆச்சு?"

மேனேஜரிடம் ஓடினேன். அவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "படிச்சவர் சொல்றாரு. உனக்கு முடியலைன்னா பாத்திரம் கழுவப் போ."

இருபது வருடம் இந்த ஆட்களின் வயிற்றைக் காப்பாற்றியவளுக்குக் கிடைத்த மரியாதை இது. கழுவப் போனேன். என் கண் முன்னாலேயே எல்லாம் சூட்டுப்பானைக்குள் போயிற்று.

மதிய மணி அடித்தது. வரிசையின் முதலில் என் தங்கை, தட்டோடு. அவளை நிறுத்திவிட்டு, ஒரு தட்டில் சோறும் பீன்ஸும் போட்டு மேனேஜர் அறைக்குக் கொண்டுபோனேன். அட்டைக்காரரும் அங்கேதான் இருந்தார்.

"முதல்ல நீங்க சாப்பிடுங்க சார்."

மேனேஜர் மேசைக்குக் கீழிருந்து டிபன் கேரியரை எடுத்தார். "நான் வீட்டுச் சாப்பாடு."

அட்டைக்காரரைப் பார்த்தேன். ஒரு கொட்டையை விரலால் நசுக்கிப் பார்த்தார். அது நசுங்கவில்லை. "எனக்கு இன்னிக்கு வயிறு சரியில்லை" என்றார்.

அதற்கு மேல் நான் யாரையும் கேட்கவில்லை. பானையைத் தரதரவென்று இழுத்து, வரிசை முழுவதும் பார்க்கக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தேன். அன்று எல்லோரும் வெறும் சோறும் ஊறுகாயும்தான் சாப்பிட்டார்கள். நிறைய பேர் என்னைத் திட்டினார்கள். மாலையில் கடிதம் வந்தது: உணவை வீணாக்கியதற்காக, இனி நிரந்தரமாகப் பாத்திரம் கழுவும் பிரிவு.

அடுத்த புதன்கிழமை மறுபடி சிவப்பு பீன்ஸ். புது அட்டை சுவரில் தொங்கியது. கழுவுமிடத்திலிருந்து எனக்கு எழுத்து தெரியவில்லை; தங்கை படித்துக் காட்டினாள்.

"'பீன்ஸைக் கட்டாயம் பத்து நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிடவும். இது என் அனுபவக் குறிப்பு.' கீழே அந்த அட்டைக்காரரோட கையெழுத்து."

என் கையில் சூட்டுப்பானையின் மூடி இருந்தது. தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"விடுக்கா" என்றாள் தங்கை, வயிற்றில் கைவைத்தபடி. "எங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. அது போதாதா?"

"உனக்குப் போதும்டி" என்றேன். "எனக்குப் போதாது."