விரிப்பின் மறுமுனை

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் டிரையரிலிருந்து சூடாக வந்து விழுந்தன. ஒரு முனையை மூத்தவள் பிடித்தாள், மறுமுனையை இளையவள். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். சலவைக்கூடத்து இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. ஒரு இழுப்பு இழுத்தால் மடி என்று அர்த்தம். இரண்டு இழுத்தால் கறை இருக்கிறது, திரும்ப வெளுக்கப் போடு.

பக்கத்து மேசையில் கண்ணாடிக்காரியும், ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தியும். நாலு பேரும் ஒரு குழு. மூத்தவள் நெஞ்சில் ‘லீடர்’ என்ற பேட்ஜ், போன வாரம் குத்தினது.

அதற்காக லீவு நாட்களில் நாலு பேரையும் மாடிக்கு வரச்சொல்லிப் பாடம் நடத்தினார்கள். காகிதக் கப்புகளைக் கொடுத்துக் கோபுரம் கட்டச் சொன்னார் வாத்தியார். "லீடர்னா எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போறவங்க. தினமும் புதுசா கத்துக்கறவங்க" என்றார். ஏசிக் குளிரில் கண்ணாடிக்காரி தூங்கிவிட்டாள்.

"சார், எங்க மேசைக்கு ஃபேன் எப்ப வரும்?" என்று இளையவள் கேட்டாள்.

நல்ல கேள்வி என்று அதைப் பலகையில் எழுதினார். போகும்போது பலகையைத் துடைத்துவிட்டுப் போனார்.

இன்று மத்தியானம் மானேஜர் மூத்தவளை அறைக்குக் கூப்பிட்டார். நாலு பேரும் கட்டின கப்புக் கோபுரம் அலமாரியில் நின்றது.

"மூணு பேரு போதும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. யாரை நிறுத்தலாம்?"

"என்னைக் கேட்டா எப்படி சார்?"

"நீங்கதானேம்மா லீடர். முடிவெடுக்கக் கத்துக்கணும்."

"மாசமா இருக்கிறவளை நிறுத்தவா? கண்ணு மங்குனவளையா? இல்ல, என் கொழுந்தன் பொண்டாட்டியையா?"

"நான் சொன்னா கம்பெனி தள்ளுச்சுன்னு பேராகும். நீங்க சொன்னா உங்க டீம் எடுத்த முடிவு."

மூத்தவள் அலமாரியைப் பார்த்தாள். "அதுல ஒண்ணை உருவுனா மொத்தமும் சரிஞ்சிடும்னு உங்க வாத்தியார்தானே சொன்னாரு?"

"அது பயிற்சிம்மா."

"அப்ப இது?"

"இது வேலை."

"என் வாயால ஒருத்தி பேரும் வராது சார்."

மானேஜர் நாற்காலியில் சாய்ந்தார். கோபமே இல்லை. "முடிவெடுக்கத் தெரியாதவங்க டீமுக்கு பாரம். சரி, நிறுத்தற ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சு. சாயங்காலம் பேட்ஜைக் குடுத்துட்டுப் போங்க."

அவள் திரும்பி வந்து முனையைப் பிடித்தாள்.

"என்னக்கா, மூஞ்சி செத்துக் கெடக்கு?" என்று இளையவள் கத்தினாள்.

"வீட்டுல சொல்றேன். இழு."

வீட்டில் கேட்டதும் இளையவள் குதித்தாள். "அந்தாளு மூஞ்சியில நானும் நாளைக்கு முழிக்க மாட்டேன்."

"போடி. ரெண்டு சம்பளமும் நின்னா அடுப்புல பூனைதான் தூங்கும். அந்த பேட்ஜை உனக்குத்தான் குத்துவான். வாயை மூடிக்கிட்டு வாங்கிக்க."

"அடுத்தவாட்டி என்னைக் கேப்பானே அக்கா. அப்ப யாரைச் சொல்ல?"

மூத்தவள் தட்டை எடுத்தாள். சோற்றைப் போட்டு வைத்தாள்.

காலையில் பேட்ஜ் இளையவள் நெஞ்சுக்கு வந்தது. லீவு நாளில் மாடிக்கு வரச்சொல்லிவிட்டு மானேஜர் போனார். மற்ற இருவரும் தலை நிமிராமல் மடித்தார்கள். இளையவள் விரிப்பின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினாள். தள்ளி நின்று விரித்துப் பிடித்தாள். நடுவில் பழுப்பாக ஒரு கறை.

பழக்கத்தில் இரண்டு இழுப்பு இழுத்தாள். கம்பி அசையவில்லை.