மாதாவைத் தர மாட்டேன்

மாதா ஆட்டோவில் வந்து இறங்கினார். கூட யாரும் வரவில்லை.

அக்டோபர் ஜெபமாலை மாதம். சுற்றுவட்டாரக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக்குழுவுக்கு அன்பியம் என்று பேர். எங்கள் அன்பியத்தில் மாதா சுரூபம் தினம் ஒரு வீட்டுக்குப் போகும். மெழுகுவர்த்தி பிடித்து, பாட்டுப் பாடிக்கொண்டு, எல்லோருமாக எடுத்து வருவார்கள். உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார்கள், சுண்டல் தின்பார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். மறுநாள் சாயங்காலம் அதே கூட்டம் வந்து அடுத்த வீட்டுக்குக் கூட்டிப்போகும்.

என் முறைக்காகக் கொண்டைக்கடலை ஊறவைத்து, கூடம் முழுக்கப் பாய் விரித்து, செத்துப்போன என் வீட்டுக்காரர் செல்வநாதனின் படத்தைக்கூடத் துடைத்து மாட்டியிருந்தேன். வந்ததோ ஆட்டோக்கார ஜோ மட்டும். மாதா சிலை இருந்த கண்ணாடிக் கூண்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி வந்து நின்றான்.

"மத்தவங்கல்லாம் எங்கடா?"

"லிப்ட் இல்லாத வூடாச்சேக்கா. அல்லாருக்கும் முட்டி வலியாம். நீயே ஜெபம் சொல்லிக்குவியாம், ஜெசிந்தாக்கா சொல்லச் சொல்லிச்சு."

ஜெசிந்தா எங்கள் அன்பியத் தலைவி. பேர் என்னவோ அன்பியம்தான். ஜோவுக்குக் கீழே சவாரி காத்திருந்தது. சுண்டலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

முட்டி வலியாம்! போன வருஷம் அவர் செத்தபோது இதே நாலு மாடியை இதே முட்டிகள் ஏறி வந்தனவே. ஒப்பாரி வைத்தார்கள், காப்பி குடித்தார்கள், "நாங்க இருக்கோம் ஐரீன்" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். பிணத்துக்கு ஏறின முட்டி உயிரோடு இருப்பவளுக்கு ஏறாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, மாதாவை எதற்குக் காக்க வைப்பது என்று ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். ஜெபமாலையை ஒரு ஆள் சொல்ல முடியாது. அதாவது, சொல்லலாம், நன்றாக இருக்காது. அருள்நிறை மந்திரத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். ராயபுரத்தில் இருந்த காலத்தில் முதல் பாதி அவர், மறுபாதி நான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்த அசதியில் முதல் பாதியிலேயே குறட்டை விடுவார். நான் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளுவேன். பொண்ணு கோயமுத்தூரில் வாழ்க்கைப்பட்டுப் போனாள், நாங்கள் திருவொற்றியூருக்குக் குடிவந்தோம், அப்புறம் அவரும் போனார். இப்போது இரண்டு பாதியும் நானே. முதல் பாதியை உரக்கவும் மறுபாதியைத் தாழ்ந்த குரலிலும் சொன்னேன். எனக்கு நானே பதில் சொல்வது கேட்கச் சகிக்கவில்லை.

எதிர்வீட்டுப் பச்சையம்மா கதவோரம் எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, யார்னா வந்துகீறாங்களா? ரெண்டு பேரு பேசிக்கினு கீறாப்ல கேட்டுச்சு."

"யாரும் வர்ல. நாந்தான்."

அவள் விரித்த பாயைப் பார்த்தாள், சட்டி நிறைய இருந்த சுண்டலைப் பார்த்தாள். "பாவங்க்கா நீ" என்றாள். அதுதான் தாங்கவில்லை. அவள் போன பிறகு மாதாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் சாயங்காலம் ஜோ மறுபடி வந்தான். "யக்கா, மாதாவக் குடு. அடுத்த வூட்ல காத்துகினு கீறாங்க."

"தர மாட்டேன்."

"இன்னாது?"

"அல்லாரும் வந்து பாட்டுப் பாடி கூட்டினு போவட்டும். மத்த வூட்டுக்கெல்லாம் அப்டித்தான போறாங்க? என் வூட்டுக்கு மட்டும் இன்னா, பார்சலா?"

"மாதாவே வந்துட்டாங்களேக்கா. அது பத்தாதா?"

"பத்தாது."

சொன்ன பிறகு மாதாவின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஆனால் உண்மை அதுதானே. கட்டடம் கோயிலில்லை, நீங்கள் எல்லோரும்தான் திருச்சபை என்று ஃபாதர் பிரசங்கம் வைக்கும்போதெல்லாம் முன்பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டுகிறவர்கள் இவர்கள்தான். கதவைச் சாத்திக்கொண்டு நான் ஒருத்தி எப்படித் திருச்சபையாக இருப்பேன்? அதற்கு ஆள் வேண்டாமா?

ஜோ போனில் விஷயத்தைச் சொன்னான். அந்தப் பக்கம் ஜெசிந்தா போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டான். "பேஜாரு பண்றியேக்கா" என்று முனகிக்கொண்டே இறங்கிப் போனான். நான் தாழ் போட்டேன்.

தாழ் போட்ட பிறகுதான் பயம் பிடித்தது. இவர்கள் வராமலே வேறொரு சுரூபம் வாங்கிவிட்டால்? கடையில் மாதாவுக்கா பஞ்சம்? அப்புறம் இந்த மாதாவும் நானும் இந்த நாலாவது மாடியிலேயே கிடக்க வேண்டியதுதான். கொடுத்துத் தொலைத்திருக்கலாமோ என்று ஜன்னலில் நின்று ஜோவின் ஆட்டோவைத் தேடினேன். மணலி எண்ணெய் ஆலைப் பக்கத்து வாடைதான் வந்தது. ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் நின்றன, ஆட்டோவைக் காணோம்.

கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் சத்தம். பாட்டு இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி, என்னைத் திட்டி, மறுபடி ஏறி வந்தார்கள். கதவைத் திறந்தேன். முன்னால் ஜெசிந்தா, பின்னால் மொத்த அன்பியமும்.

"இன்னா ஐரீன், மாதா இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா?"

"உக்காருங்க" என்றேன். உட்காராமல் என்ன செய்வார்கள்? நிற்க மூச்சில்லை. நான் சுருட்டாமல் விட்டிருந்த பாய்களில் தொப்தொப்பென்று விழுந்தார்கள். ஒருத்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு "ஐயோ மாதாவே" என்றாள். முட்டி வலி பொய்யில்லைதான். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

ஜெசிந்தா கூண்டைத் தூக்கக் கையை நீட்டினாள். அதற்குள் நான் ஜெபமாலையை எடுத்தேன். யார் முகத்தையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு முதல் பாதியைச் சொன்னேன்.

பழகிய தோஷம், என் வாய் தானாக மறுபாதிக்குத் திறந்தது. அதற்குள் அறை முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா இரைத்துக்கொண்டே, கோபம் தணியாமலே சொன்னாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.