சுலக்ஷனா கேட்ட பத்து நிமிடம்

1
இந்தக் கதை எனக்கு வேலிக்கு மேலால் கிடைத்தது. பக்கத்து வீட்டுச் சுலக்ஷனா, புருஷன் றொனால்டை அடக்கம் செய்து ஒரு கிழமை கழித்து, உடுப்புக் காயப்போட்டபடி சொன்னாள்:

"அவரோட பத்து நிமிசம் தனியா இருக்க ஒருத்தரும் விடல்லயே ரீச்சர். நீங்க கதையெல்லாம் எழுதுறீங்கதானே. கதையிலயாவது எல்லாரையும் வெளியால அனுப்பிப்போட்டு அந்தப் பத்து நிமிசத்தைத் தாங்களன்."

இதென்ன பெரிய வேலை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். என் வாய்க்கொழுப்பு!

2
முதல் தொடக்கம்: 'வாவியின் மேல் மேகங்கள் கருத்துத் திரண்டபோது…'

(அடித்துவிட்டேன். செத்த வீட்டுக்குள் வாவியை எதற்கு இழுக்கிறாய் என்று என்னையே ஏசிக்கொண்டேன்.)

இரண்டாவது தொடக்கம், நடந்தது நடந்தபடி: தன்னாமுனையில் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த றொனால்ட், ஏறாவூரில் தான் வேலைசெய்த கராஜிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அங்கிருந்து ஆஸ்பத்திரி, மரண விசாரணை, பிறகு உடம்பைப் பதப்படுத்தி உடுப்பாட்டுகிற மலர்ச்சாலை. சுலக்ஷனா கொடுத்தனுப்பிய கல்யாணக் கோட்டு அவனுக்குச் சிறுத்துப்போயிருந்தது. அதை முதுகுப்பக்கம் வெட்டி அவனுக்குப் போட்டுவிட்டுப் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இவ்வளவு இடத்திலும் அவள் அவனைப் பார்த்தாள்தான். ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் யாரோ நின்றார்கள்.

3
வெளியூர் வாசகருக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் ஆள் செத்தால் ஒழுங்கை முழுக்க வெள்ளைக் கொடி ஏறும். முற்றத்தில் பந்தல், கதிரை. அந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், அயலில் சமைத்து வரும். வாசல் படலையிலேயே ஒப்பாரிக் குரல் வைத்துக்கொண்டு வருகிற ஒவ்வொரு பெண்ணையும் பெண்சாதிக்காரி எழும்பிக் கட்டிப்பிடித்து அழ வேண்டும். கல்குடாவிலிருந்து வந்த சித்திக்கு ஒருமுறை, கோயில் பெண்களுக்கு ஒருமுறை, றொனால்டை ஒருநாளும் கண்டிராத ஆட்களுக்கும் ஒருமுறை. பெட்டியைத் தனியே விடவே கூடாது. கடைசியில் கோயிலுக்கும் புதைக்கிற சேமக்காலைக்கும் போகும்போதும் இரண்டு பேர் அவளை இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துப் பிடித்திருப்பார்கள்.

துக்கக்காரரைத் தனியே விட்டால் துக்கம் ஆளைத் தின்றுவிடும் என்பது எங்கள் சனத்தின் வைத்தியம். பிழை என்று நான் சொல்லமாட்டேன். "குடிகா, குடிச்சாத்தான் அழவும் தெம்பு வரும்" என்று அவள் கையில் பாலில்லாத பிளேன்ரீயைத் திணித்தவள் நான்தான்.

4
இனி ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும்.

மழை பெய்யவைத்தேன். பந்தலில் இருந்தவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். அடித்தேன்.

பந்தலுக்குள் ஒரு பாம்பு விட்டேன். ஆண்கள் தடியெடுத்து ஓடினார்கள், பெண்கள் பெட்டியைச் சுற்றி இன்னும் நெருக்கிக்கொண்டார்கள். அதையும் அடித்தேன்.

பிறகு வெட்கத்தை விட்டு, 'எல்லோரும் எழும்பி வெளியே போனார்கள்' என்று எழுதினேன். எழுதுகிறவளுக்கு அந்த அதிகாரம் உண்டு. போனார்கள். றொனால்டின் தாய் செபஸ்தியம்மா மட்டும் பெட்டியின் தலைமாட்டில் அப்படியே இருந்தா.

"மாமி, கொஞ்சம் வெளியால இருங்களன்" என்று சுலக்ஷனாவைச் சொல்லவைத்தேன்.

"என்ட புள்ளைய விட்டுப்போட்டு நான் எங்ககா போற?"

பெற்றவளை எந்தப் பேனாவால் வெளியே தள்ளுவது? செபஸ்தியம்மா எழும்பி… (இல்லை, எழும்பவில்லை.)

5
(கதையை நிறுத்திவிட்டு வேலியடிக்குப் போனேன்.)

"என்னகா சொல்ல இருந்த நீ? அதைச் சொன்னா எழுத லேசு."

"உங்களுக்குச் சொல்லுறதெண்டா சனத்துக்கு முன்னாலயே சொல்லியிருப்பன் ரீச்சர்."

"இப்ப தனியாத்தானே இருக்கிறாய். அவன்ட படத்துக்கு முன்னால இருந்து சொல்லன்."

"இது நான் தனியா. நான் கேட்டது நாங்க ரெண்டு பேரும் தனியா."

வீட்டுக்கு வந்து சோற்றையும் தொடாமல் இருந்தேன்.

6
பிறகுதான் மண்டையில் ஏறியது. செபஸ்தியம்மாவுக்கும் அந்தப் பத்து நிமிடத்தை ஒருவரும் கொடுக்கவில்லை. எனவே சுலக்ஷனாவையும் வெளியே அனுப்பினேன். தாயையும் மகனையும் விட்டுக் கதவைச் சாத்தினேன். உள்ளே என்ன பேச்சு நடந்தது என்று நான் எழுதவில்லை. நேரம் போய்த் தாய் தானாக வெளியே வந்தா, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா.

"போ மகள். உன்ட ஆள் உள்ளுக்கு இரிக்கான்."

சுலக்ஷனா உள்ளே போனாள். மெழுகுதிரி எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது. பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். கோட்டின் கழுத்தைச் சரிசெய்தாள். "இஞ்சேருங்க" என்று அவனைக் கூப்பிட்டாள். அதோடு நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

என்னைத்தான் பார்த்தாள். ஒவ்வொரு அசைவையும் எழுதிக்கொண்டு ஒருத்தி நிற்கிறபோது இது என்ன தனிமை?

சரி, நான் போகிறேன். போகிற வீட்டில் எனக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை, என்றாலும் போகிறேன்.

நீங்கள் இன்னும் நிற்கிறீர்கள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அறிய உங்களுக்கு ஆசை. எனக்கும்தான். ஆனால் நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் வரை அவள் வாய் திறக்கமாட்டாள். எழும்புங்கள். வெளியே வந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிடுங்கள்.